அக்கா திரும்பப் பெற்றுக்கொண்ட ஆராய்ச்சி

அக்காவின் முதலாண்டு நினைவுத் திருப்பலிக்கு ஏரியூர்ப் பக்கத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் உடன்பிறந்த தம்பியாகிய என் வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் அக்காவின் பெருமைகள் மட்டும் இருக்காது.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்த பெரியப்பா மகன், "எதுக்குடா இதெல்லாம்? ஊரே கையெடுத்துக் கும்பிடற மனுசிய நீயே அசிங்கப்படுத்துவியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றமில்லை. ஆனால் அக்கா உயிரோடு இருந்தவரை இதை யாரிடமும் மறைத்ததில்லை. அவர் மறைக்காததை அவர் போன பிறகு நான் மறைப்பது முறையாகத் தோன்றவில்லை.

அக்கா பிறந்தது ஏரியூருக்கு அருகே, கேழ்வரகும் நிலக்கடலையும் விளைகிற மேட்டு நிலத்தை நம்பிய குடும்பத்தில். அவர் மூத்தவர், நான் கடைசி. நடுவில் பிறந்தவர்கள் குழந்தையிலேயே தவறிவிட்டார்கள். எங்கள் அம்மா சமைத்த இடத்துக்கு ஜன்னல் கிடையாது. மழைக்காலத்தில் ஈர விறகும் துவரங்குச்சியும் புகைந்துகொண்டே இருக்கும். அம்மா ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறு கையால் களி கிண்டுவார். நரை விழும் முன்பே அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. கால் வீங்கியது. உதடு நீலம் பாய்ந்தது. கிணற்றிலிருந்து குடத்தோடு வருகிறவர் பாதி வழியில் கல்லின் மேல் உட்கார்ந்துவிடுவார். அக்கா கன்னியர் விடுதியில் தங்கிப் பள்ளி இறுதி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா காலமானார். அடக்கம் முடிந்து வந்த அன்று மாலையே அக்கா கடப்பாரையை எடுத்து அந்த அடுப்பை உடைத்ததை, சிறுவனாக நான் பார்த்திருக்கிறேன். அப்பா தடுக்கவில்லை.

பங்குத்தந்தையின் முயற்சியால் அக்கா சென்னையில் மருத்துவம் படித்தார். மேற்படிப்பில் நுரையீரலை எடுத்துக்கொண்டார். இதயத்திலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் குழாய்களில் அழுத்தம் ஏறிப்போகிற நோயைத்தான் அவர் வாழ்நாள் ஆராய்ச்சியாகத் தேர்ந்தார். அந்த அழுத்தம் ஏறினால் மூச்சு முட்டும், கால் வீங்கும், இதயம் களைத்து ஒரு நாள் நின்றுவிடும். அம்மாவுக்கு வந்தது அதுதான் என்று அக்கா முடிவு செய்திருந்தார். திருமணம் பற்றிப் பேச்செடுத்தபோதெல்லாம், "எனக்கு வேல இருக்குதுப்பா" என்ற ஒரே பதிலைச் சொல்லி அப்பாவின் வாயை அடைத்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், சென்னையில் அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் சார்பில் நம் மாவட்டத்துக்கே ஆராய்ச்சிக்கு வந்தார். சித்தேரி மலை ஊர்களிலும் அரூரைச் சுற்றிய கிராமங்களிலும் மூச்சிரைப்பு உள்ள பெண்களைத் தேடிப் பார்த்தார். மலைப்பாதையில் ஜீப் போகிற இடம்வரை போய், அதற்கு மேல் நடந்தார். சந்தேகம் உள்ளவர்களைச் சென்னைக்கு அழைத்துப்போய், கை நரம்பு வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி அழுத்தத்தை அளந்தார். வயதான பெண்களுக்குப் புகையால் நுரையீரல் கெட்டிருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் இருபதை ஒட்டிய இளம்பெண்கள் சிலருக்கும் அழுத்தம் மிக அதிகமாக இருந்தது. அவர்களுடைய நுரையீரல் நன்றாகவே இருந்தது. அடுப்புப் புகை இளம்பெண்களின் இரத்தக் குழாய்களையே நேரடியாக இறுக்கிவிடுகிறது என்று அக்கா எழுதினார்.

அந்தக் கட்டுரையை ஒரு பெரிய மாநாட்டில் வாசித்தார். செய்தி ஊருக்கு வந்ததும் அப்பா தலைகால் புரியாமல் மகிழ்ந்தார். கோயில் வளாகத்தில் அக்காவுக்கு மாலை போட்டோம். மாலையோடு எடுத்த படத்தை அப்பா சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். "எங்கம்மா பட்ட கஷ்டத்துக்கு இன்னிக்குத்தான் பதில் கெடச்சுது" என்று அக்கா அன்று பேசினார். நாங்கள் எல்லோரும் கை தட்டினோம்.

அந்த இளம்பெண்களில் ஒருவர் அரூருக்குப் பக்கத்து ஊரைச் சேர்ந்த மாதம்மாள். அவருடைய இசைவோடுதான் பெயரை எழுதுகிறேன். அவர் தந்தை முனுசாமி மரவள்ளியும் மஞ்சளும் பயிரிடுகிறவர். மாதம்மாளுக்கு மாமன் மகனோடு திருமணம் உறுதியாகி, பத்திரிகையும் அடித்தாகிவிட்டிருந்தது. சோதனை முடிந்ததும் அக்கா தந்தையையும் தாயையும் அழைத்து, "கல்யாணம் வேண்டாங்க. கொழந்த உண்டானா உயிருக்கே ஆபத்து. இந்த வியாதிக்கு வைத்தியமும் இல்ல" என்று சொல்லிவிட்டார். திருமணம் நின்றுபோனது.

இன்னொருவர் சித்தேரி மலையில் ஓர் இளம் தாய். ஒரே மகள் அவருக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவருடைய கணவர் சொன்னதால் போடவில்லை. புகைதான் காரணம் என்று அக்கா சொன்னதைக் கேட்டு, அந்தக் கணவர் வீட்டுக் கூரையைப் பிரித்து, அடுப்பை வெளியே கொண்டுபோய்த் தனியாகக் கொட்டகை போட்டார். மனைவியை அடுப்பின் பக்கமே போக விடாமல் தானே சமைத்தார். அப்படியும் நோய் முற்றியது. வாயிலும் மூக்கிலும் இரத்தம் வந்த நிலையில் அவரைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா பக்கத்திலேயே இருந்தும் காப்பாற்ற முடியவில்லை.

கணவர் அழாமல் கேட்டாராம். "நீங்க சொன்னாப்பலயே அடுப்ப வெளிய போட்டனுங்களே. அப்பறம் ஏங்க செத்தா?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான், கணவரிடம் அனுமதி பெற்று உடலைத் திறந்து பார்த்தார்கள். அக்காவும் உடன் நின்றார். நுரையீரலின் குழாய்கள் தடித்திருந்தன. ஆனால் நோய் தொடங்கிய இடம் அது இல்லை. இதயத்தின் இடப்பக்கத்து வால்வு சுருங்கி, ஒட்டிப்போய், சட்டைப் பொத்தான் துளை அளவுக்கு ஆகிவிட்டிருந்தது. அக்கா கையுறை போட்ட விரலை அதில் வைத்துப் பார்த்தார். சுண்டு விரல் நுனிகூட நுழையவில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

மருத்துவம் படிக்காத எனக்கு, ஏரியூரில் நிலத்தைப் பார்த்துக்கொள்கிற எனக்கு, அக்கா விளக்கியது இப்படித்தான்: "வாய்க்கால்ல தண்ணி ஏறி நிக்குதுன்னு வெச்சுக்க தம்பி. வாய்க்கால் குறுகியிருந்தாலும் ஏறும். கீழ மடை அடைச்சிருந்தாலும் ஏறும். நான் வாய்க்காலயே பாத்துக்கிட்டு இருந்துட்டேன். மடைப் பக்கம் போவவே இல்ல."

சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அந்த வால்வு இப்படிச் சுருங்குமாம். நம் நாட்டில் அது மிகச் சாதாரணமாம். காதுக்குழல் வைத்தால் ஒரு தனி ஓசை கேட்க வேண்டும். ஆனால் நோய் மிகவும் முற்றினால் அந்த ஓசையே அடங்கிப்போகும். அதனால் அக்காவுக்குக் கேட்கவில்லை. அதுவரை அவர் மேல் குற்றமில்லை. ஆனால் குழாய்ச் சோதனையில் இடப்பக்கத்து நிலையைக் காட்டும் ஓர் அளவு உண்டு. அந்த இளம்பெண்கள் சிலருக்கு அது சரியாகப் பதிவாகவில்லை. மறுபடி எடுத்திருக்க வேண்டும். மாநாடு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா எடுக்கவில்லை.

"மறந்துட்டியா அக்கா?" என்று கேட்டேன்.

"மறக்கல. எடுத்தா வேற பதில் வந்துருமோன்னு ஒரு மூலையில தோணுச்சு. எனக்கு அந்தப் பதில் புடிச்சிருந்துச்சு தம்பி. அம்மாவ எது கொன்னுச்சோ அதுவே இவங்களையும் கொல்லுதுன்னு சொல்ல எனக்கு ஆசையா இருந்துச்சு."

இதைச் சொன்னபோது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த வாரமே என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மாதம்மாள் ஊருக்குப் புறப்பட்டார். அரூரில் இறங்கி, வேறு பஸ் பிடித்து, மரவள்ளிக் காட்டு ஓரமாக நடந்தோம். முனுசாமி எங்களைத் தூரத்தில் கண்டதுமே கயிற்றுக் கட்டிலை எடுத்துப் போட்டார்.

"வாங்க டாக்டரம்மா. ஒக்காருங்க. தம்பி, மோர் குடிக்கிறீங்களா?"

அக்கா உட்காரவில்லை. "வந்த விசயத்த மொதல்ல சொல்லிடறனுங்க. ஒங்க பொண்ணு விசயத்துல நான் தப்பா சொல்லிட்டேன்."

"என்னாங்க தப்பு?"

"நான் சொன்ன வியாதி அவளுக்கு இல்லன்னு இப்ப தோணுது. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கும் போல. அதுக்கு ஆபரேசன் இருக்குது. மறுபடி சோதிச்சாத்தான் உறுதியா சொல்ல முடியும். ஆனா அன்னிக்கே நான் பாத்திருக்கணும். பாக்காம விட்டுட்டேன்."

முனுசாமியின் முகத்தில் முதலில் வந்தது மகிழ்ச்சிதான். "அப்பிடின்னா பொழச்சிக்குவாளாங்க?"

"பொழைக்க வழி இருக்குதுங்க."

அவர் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகுதான் அவருக்கு மற்றது உறைத்தது. "அந்தப் பையனுக்கு தை மாசத்துல வேற எடத்துல கல்யாணம் முடிஞ்சிருச்சிங்களே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேச்சைக் கேட்டு மாதம்மாளின் தாயார் வெளியே வந்தார். அக்கா அவரிடம், "சின்ன வயசுல இவளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சுங்களா?" என்று கேட்டார்.

"வந்துச்சு. முட்டி வீங்குச்சு. அது எறங்கி கணுக்கால்ல வீங்குச்சு. பள்ளிக்கோடத்துக்கே போவாம கெடந்தா. அத ஏன் இப்ப கேக்கறீங்க?"

"அன்னிக்கு நான் கேக்கலீங்களே."

"கேக்கல. அடுப்பப் பத்தி மட்டுந்தான் கேட்டீங்க. என்ன வெறகு, எங்க எரிக்கறீங்க, ஜன்னல் இருக்குதா, இதேதான் கேட்டீங்க." அந்தத் தாயாரின் குரல் உயர்ந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். "பத்திரிக குடுத்த வூட்டுக்கெல்லாம் போயி கல்யாணம் இல்லன்னு நாந்தான் சொன்னேன். நெஞ்சு பழுதான பொண்ணத் தலையில கட்டப் பாத்தேன்னு எங்கண்ணனே எம்மூஞ்சியில முழிக்கறதில்ல. பொறந்த வூட்டு வாசப்படிய நான் இன்னும் மிதிக்கல. ஏம்மா, இன்னொருக்கா பாத்திருக்கக் கூடாதா?"

"பாத்திருக்கணும்" என்றார் அக்கா. பிறகு கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார். "இந்தக் கல்யாணம் நின்னதுக்கு இவங்க யாரும் காரணமில்லீங்க. எதையும் இவங்க மறைக்கல. நான் சரியா பாக்காம சொன்னதாலதான் நின்னுச்சு. தப்பு என்னோடது. எல்லாரும் தெரிஞ்சுக்கங்க." சொல்லிவிட்டுக் கை கூப்பினார்.

கூட்டத்தில் யாரோ, "படிச்சு என்ன பிரயோசனம்" என்றார்கள். யாரோ சிரித்தார்கள். என் காது சுட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம் போலிருந்தது. மாதம்மாள் மட்டும் வாசற்படியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டே, "எப்ப வரணுங்க?" என்று கேட்டார்.

திரும்பும் பஸ்ஸில் நான், "அவங்ககிட்ட தனியா சொல்லியிருக்கலாமே அக்கா. ஊரக் கூட்டி ஏன்?" என்றேன்.

"கல்யாணம் நின்னது ஊருக்கே தெரியும். தப்பு யாருதுன்னும் ஊருக்குத் தெரியட்டும்" என்றார்.

மாதம்மாளுக்குச் சென்னையில், அப்போது புதிதாக வந்திருந்த எக்கோ கருவியில் சோதித்தார்கள். வால்வு சுருங்கியிருந்தது உறுதியானது. அறுவை நிபுணர் விலா எலும்புகளுக்கு நடுவே வழி செய்து, இதயத்துக்குள் விரலை விட்டு, ஒட்டியிருந்த வால்வை விலக்கிவிட்டார். நுரையீரலின் அழுத்தம் நாளாக ஆக இறங்கியது. சில மாதங்களில் மாதம்மாள் தலையில் மஞ்சள் மூட்டையோடு நடந்ததாக முனுசாமி சொல்லி அனுப்பினார். பின்னாளில் அவருக்கு வேறோர் இடத்தில் திருமணமாகி, பெண் குழந்தையும் பிறந்தது. பிரசவத்தின்போது அக்கா மருத்துவமனையை விட்டு நகரவில்லை. ஆனால் அந்தத் திருமணத்துக்கு அவர் போகவில்லை. என் திருமணத்துக்கே கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, விருந்துக்கு நிற்காமல் போனவர் அவர். என் மனைவி வெகுநாள் அதைத் தவறாக நினைத்திருந்தாள். "பந்தலப் பாத்தா மாதம்மாளோட அம்மா மொகந்தான் வருது" என்று அக்கா ஒரு நாள் அவளிடம் சொன்ன பிறகு, நாங்கள் அவரை எந்த விசேஷத்துக்கும் வற்புறுத்தவில்லை.

கட்டுரை விஷயத்தில் துறைத் தலைவர் அவருக்கு வேறு யோசனை சொன்னார். ஒரு சின்னத் திருத்தம் போட்டால் போதும், முழுவதையும் திரும்பப் பெற்றால் துறைக்கே கெட்ட பெயர் என்றார். அக்கா கேட்கவில்லை. முன்பு வாசித்த அதே மாநாட்டின் மேடையில், அடுத்த கூட்டத்தில் ஏறி நின்று, தன் முடிவு தவறு என்றார். அப்போது அங்கே இருந்த ஒரு மருத்துவர், சென்ற ஆண்டு அடக்கத்துக்கு வந்தபோது என்னிடம் அதைச் சொன்னார். "எனக்குப் பிடித்த விடை கிடைத்ததும் நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். அதனால் ஒருவர் இறந்துபோனார்" என்று சொல்லிவிட்டு அக்கா இறங்கியபோது யாரும் கை தட்டவில்லையாம். சிலர் எழுந்து தேநீர் குடிக்கப் போய்விட்டார்களாம். அதன்பின் அக்காவுக்குப் பதவி உயர்வு வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

அப்பாவால் அதைத் தாங்க முடியவில்லை. "உள்ளுக்குள்ளயே சரி பண்ணிக்கிட்டுப் போயிருக்கலாம். இனி நான் எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவேன்?" என்றார். கூடத்துப் படத்தை அவரே கழற்றிப் பரண் மேல் வைத்தார். அடுத்த முறை வந்த அக்கா வெறுஞ்சுவரைப் பார்த்தார். அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சப் போனார். அப்பா இறக்கும்வரை இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

மீதி ஆண்டுகளை அக்கா தர்மபுரியிலேயே கழித்தார். தன் பட்டியலில் இருந்த ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து மறுபடி சோதித்தார். வால்வு கெட்டிருந்தவர்களைச் சென்னைக்கு அனுப்பினார். மூட்டு வீங்கிக் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளுக்கு மாதந்தோறும் ஊசி தவறாமல் போட வேண்டும் என்று பெற்றோரோடு சண்டை பிடித்தார். வயதான பெண்களின் புகை நோய் பற்றிய ஆராய்ச்சியையும் விடவில்லை. ஆனால் ஒவ்வோர் அளவையும் தன்னிடம் பயிலும் இளம் மருத்துவர் ஒருவரை மறுபடி எடுக்கச் சொல்வார். இருவர் அளவும் ஒத்துப்போனால்தான் எழுதுவார். கட்டுரைகளில் அவர்கள் பெயரை முதலில் போட்டார். யாராவது புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார். அது தன்னடக்கம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். உடன் இருந்த எனக்குத் தெரியும், அது வெட்கம். கடைசிவரை அது அவரை விட்டுப் போகவில்லை.

சித்தேரிக்கு மட்டும் அவரால் ஒரு தடவைக்கு மேல் திரும்பப் போக முடியவில்லை. மனைவியை இழந்த அந்தக் கணவரிடம் உண்மையைச் சொல்ல, மாதம்மாள் ஊருக்குப் போன அதே மாதம் மலையேறினார். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஆபரேசன் பண்ணியிருந்தா பொழச்சிருப்பாளா?" என்று ஒரே கேள்வி கேட்டார். அக்கா, "பொழச்சிருக்கலாங்க" என்றார். "இனிமே எங்க ஊருக்கு நீங்க வராதீங்க" என்று சொல்லி அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த ஊர்ப் பெண்களைப் பார்க்க அக்கா வேறு மருத்துவரைத்தான் அனுப்பினார்.

சென்ற ஆண்டு அக்காவின் கல்லீரலில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. வலி மிகுந்த நாட்களிலும் அவர் அதிகம் முனகவில்லை. குருவானவர் வந்து எண்ணெய் பூசி நோயில் பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு என்னை அருகில் அழைத்தார். "சித்தேரிக்குப் போய்ட்டு வா தம்பி. நான் போகப் போறேன்னு சொல்லு. மன்னிப்பு கேட்டேன்னு சொல்லு."

மலைப் பஸ்ஸில் போனேன். அந்தக் கணவர் சாமை தூற்றிக்கொண்டிருந்தார். தாய் இறந்தபோது கைக்குழந்தையாக இருந்த மகள் வளர்ந்து மேல்நிலைப் பள்ளிச் சீருடையில் நின்றாள். நான் யாரென்று சொன்னதும் அவர் முறத்தைக் கீழே வைத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். "நீ வந்து சொன்னத நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லு. மன்னிச்சேன்னு சொல்லிடாத. என்னால முடியல" என்றார். மகளை அழைத்து, பஸ் நிற்கும் இடம்வரை எனக்கு வழிகாட்டச் சொன்னார்.

வழியெல்லாம் யோசித்தேன். போகிற உயிருக்கு ஒரு பொய் சொன்னால் என்ன என்று தோன்றியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அந்தக் கணவர் சொன்னதை அப்படியே சொன்னேன். அக்கா கண்களை மூடிக்கொண்டார். "சரியாத்தான் சொல்லியிருக்கார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பொண்ணு படிக்குதா?" என்று கேட்டார். படிக்கிறாள் என்றேன். சில நாட்களில் அமைதியாகப் போய்விட்டார்.

இந்த மலருக்காக மாதம்மாளிடம் அனுமதி கேட்கப் போனபோது, "எழுதுங்க. நல்லவங்கன்னு மட்டும் எழுதாதீங்க. எங்கம்மா பட்ட பேச்சையும் எழுதுங்க" என்றார். எழுதியிருக்கிறேன்.

அக்காவின் கடைசி நாட்களில் முறை வைத்து உடனிருந்த செவிலியர்களுக்கும், அவரிடம் பயின்று அவர் வேலையைத் தொடர்கிற இளம் மருத்துவர்களுக்கும், அடக்கத்துக்குப் பந்தல் போட்டுத் தண்ணீர் சுமந்த ஏரியூர் இளைஞர்களுக்கும், திருப்பலி நிறைவேற்றிய தந்தையர்க்கும், வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டியைத் தோளில் தாங்கிய முனுசாமி அவர்களுக்கும், இன்று வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சித்தேரியில் இருக்கிற அந்தக் குடும்பத்துக்கு நன்றி சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இன்று அக்காவின் ஆன்மாவுக்காக மன்றாடுகிறவர்கள், அதற்கு முன்னால் அந்த இளம் தாய்க்காக ஒருமுறை மன்றாடுங்கள். அவர் பெயர் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அக்கா தினமும் அந்த வரிசையில்தான் மன்றாடினார்.